ரீஃப் டேங்கில் கோளாறா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியான ரீஃப் டேங்கில், அதுவும் சின்னதில், ஏதாவது கோளாறு என்றால் பலரும் நேராகக் கடைக்குப் போய் ஒரு பாட்டிலோடு திரும்புகிறார்கள். பாசிக்கு ஒரு மருந்து, கலங்கலுக்கு ஒன்று, பவளம் சுருங்கினால் இன்னொன்று. 80 லிட்டர் தண்ணீருக்குள் மூன்று மருந்து போனபின், முதலில் என்ன கோளாறு இருந்தது என்பதையே கண்டுபிடிக்க முடியாது. நம் ஊர் வெயிலிலும் நம் ஊர்த் தண்ணீரிலும் ஓடும் டேங்குகளில் பெரும்பாலான சிக்கல்கள் சூடு, தினமும் ஊற்றும் நல்ல தண்ணீர், ஆக்ஸிஜன் ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் மருந்தைத் தொடும் முன் அளவு எடுங்கள்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது 60 முதல் 120 லிட்டர் வரை கொள்ளும், பின்னால் ஃபில்டர் அறை உள்ள டேங்க். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், சில நத்தைகள், ஓர் இறால், அப்புறம் ஜோவாந்திட், மஷ்ரூம், லெதர், ஜீனியா என்று சாஃப்ட் கோரல்கள். கல்லாக வளரும் கடினப் பவளங்களைப் பற்றி வேண்டுமென்றே எழுதவில்லை. 2001 முதல் அவை அனைத்தும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில் இருக்கின்றன. கடல் விசிறி, கடல் அட்டை, கடற்குதிரை எல்லாம்கூட இதே சட்டத்தின் பாதுகாப்பில்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. பல காலம் பவளக்கல்லை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். யாராவது கடலிலிருந்து எடுத்த, பாக்டீரியா குடியிருக்கும் கல்லை 'ராமேஸ்வரத்து லைவ் ராக்' என்று விற்றால் வாங்காதீர்கள், காய்ந்த துண்டாக இருந்தாலும் வேண்டாம். செயற்கைக் கல்லே போதும், பாக்டீரியா குடியேறக் கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். கோமாளி மீனையும் பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தில் அதைப் பொரித்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து பிடித்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இந்த மீனுக்கு இல்லை.

முதல் பத்து நிமிடம்

எந்த அறிகுறியாக இருந்தாலும் வெப்பம், உப்பு, அம்மோனியா மூன்றையும் அளந்து தேதியோடு எழுதுங்கள். வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், உப்பு 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி சுமார் 1.026, அம்மோனியா பூஜ்யம். இதில் ஒன்று விலகியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் கீழே உள்ளதற்குப் போங்கள்.

அளக்கும் கருவியையும் சந்தேகப்பட வேண்டும். ஒளி விலகுவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர்களில் விற்பனையில் உள்ள பல, சாதா உப்புக் கரைசலுக்காகச் செய்யப்பட்டவை. நல்ல தண்ணீரை விட்டுப் பூஜ்யத்தில் நிறுத்தினால் 35 பக்கத்தில் ஒன்றிரண்டு தப்பும். 35 பிபிடி கரைசல் வாங்கி அதில் சரிபார்ப்பதே முறை. கிடைக்காவிட்டால் நல்ல தராசில் 36.5 கிராம் உப்பை நிறுத்து, சுத்தமான தண்ணீர் சேர்த்து மொத்த எடையை 1,000 கிராம் ஆக்குங்கள். அந்தக் கரைசலில் ஒளி விலகும் அளவும் 35 பிபிடி கடல்நீரில் விலகும் அளவும் ஒன்றுதான். இது கருவிக்கு மட்டும். சமையல் உப்பும் கல் உப்பும் டேங்குக்குள் போகக் கூடாது.

உப்பு ஒரே அளவில் நிற்கவில்லை

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கிவிடும். ஃபேன் ஓடும் 80 லிட்டர் டேங்கில் ஒரு நாளைக்கு 2 லிட்டர் வரை குறையலாம். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 74 லிட்டர்தான் மிச்சம் இருக்கும், உப்பு 35-லிருந்து 37.8-க்கு ஏறியிருக்கும். வந்ததும் பதறி 6 லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றினால் பவளத்துக்கு அது இன்னோர் அடி. ஒரு நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து ஊற்றுங்கள். பின்னறை உள்ள டேங்கில் முன்பக்க மட்டம் மாறவே மாறாது, பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான் குறையும். அங்கே ஒரு கோடு போட்டு வைத்தால் தினமும் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கண்ணாலேயே தெரியும்.

உப்பு மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வேறு கதை. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையில் நிரம்புவது உப்புத் தண்ணீர், மூடியின் ஓரத்தில் வெள்ளையாகப் படிவதும் உப்பு. அந்த இழப்பை நல்ல தண்ணீரால் ஈடுகட்டிக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் 33-க்கு வந்துவிடும். அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரை 36-ஆகக் கலந்து படிப்படியாக ஏற்றுங்கள்.

கடற்கரையிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றுபவர்கள் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அதை நிறுத்திவிட வேண்டும். ஆற்று வெள்ளமும் சாக்கடையும் கலந்து கரையோரத் தண்ணீரின் உப்பு வெகுவாக இறங்கிவிடும், கூடவே என்னென்ன வருகிறது என்று சொல்ல முடியாது. பாக்கெட் உப்புக் கலவைதான் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும்.

இனி ஊற்றும் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுக்களின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், முதலில் அதை வாங்குங்கள். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரங்களில் பல, ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும், அல்லது தாது சேர்க்கும். மீட்டர் 50, 80 என்று காட்டும். கேன் தண்ணீரும் அப்படியே. அந்தத் தண்ணீர் ஆவியாகி ஆவியாகி அதிலுள்ள சிலிக்கேட், பாஸ்பேட் எல்லாம் டேங்கில் சேர்ந்துகொண்டே போகும். ஆர்.ஓ. மெம்பிரேனுக்குப் பிறகு, மிச்சத் தாதுவையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றை மாட்டி 0 வரும்படி செய்துகொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். மீட்டரில் அது மிகக் குறைவாகத்தான் காட்டும், அங்கேதான் ஆபத்து. ஏ.சி. காயிலில் இருப்பது செம்புக் குழாய். மனிதருக்குத் தெரியாத அளவு செம்பே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லப் போதும். பித்தளைக் குழாய், பித்தளைக் குடம் வழியாக வரும் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

இது நடந்தால் மற்ற வேலைகளை விட்டுவிடுங்கள். கடல்நீரில் ஆக்ஸிஜன் நன்னீரைவிடக் குறைவாகக் கரையும். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிடிக்கும், கடல்நீர் 7-ஐக்கூட எட்டாது. 31 டிகிரியில் 6-ஐ ஒட்டி வந்துவிடும். பகலில் பாசியும் பவளத்தின் தசைக்குள் வாழும் நுண்பாசியும் ஆக்ஸிஜன் விடுகின்றன. இரவில் மீன், பவளம், பாசி, பாக்டீரியா எல்லாமே அதை இழுக்கின்றன. விடியற்காலையில்தான் ஆக்ஸிஜன் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் மட்டும் மீன் மேலே வந்து, விளக்கு போட்டபின் தெளிந்துவிட்டால் காரணம் ஆக்ஸிஜன்தான். நாள் முழுக்க மூச்சு வாங்கினால் அம்மோனியா அல்லது செவுள் நோய் என்று பாருங்கள்.

டேங்குக்குக் கீழே குனிந்து நீர்ப்பரப்பை அடியிலிருந்து பாருங்கள். எண்ணெய் படலம் இருந்தால் பளபளவென்று அசையாமல் தெரியும். தாளிக்கும் புகை ஹால்வரை வருகிற வீடுகளில் இது சீக்கிரமே படியும். ஒரு செய்தித்தாளைப் பரப்பின் மேல் விரித்து எடுத்தால் படலம் அதோடு வந்துவிடும். பம்பின் வாயை மேல்நோக்கித் திருப்பி, பரப்பு எப்போதும் சலசலத்துக்கொண்டே இருக்கும்படி வைத்தால் திரும்பப் படியாது. கண்ணாடி மூடி முழுக்க மூடியிருந்தால் திறந்து வலை மூடி போடுங்கள். கோமாளி மீனும் சில நேரம் குதிக்கும், வெறுமனே திறந்துவிடக் கூடாது.

அம்மோனியா காட்டினால் கல்லுக்குப் பின்னால் செத்த மீனோ நத்தையோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். கடல்நீரின் பி.எச். 8.2-ஐ ஒட்டி இருப்பதால் அதே அளவு அம்மோனியா நன்னீரில் செய்வதைவிட இங்கே அதிகக் கேடு செய்யும். பாதிவரை தண்ணீர் மாற்றி, அம்மோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர் சேர்க்கலாம். கண்டிஷனர் போட்ட பிறகும் டெஸ்ட் கிட் சில நாள் அம்மோனியாவைக் காட்டும், கட்டுண்டதையும் சேர்த்து அளப்பதுதான் காரணம். நைட்ரைட் காட்டினால் பயம் வேண்டாம். கடல்நீரின் குளோரைடு அதன் விஷத்தைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. டேங்க் புதிது என்றால் இதெல்லாம் சைக்கிள், அதாவது கழிவைத் தின்னும் பாக்டீரியா பெருகி நிலைபெறுவது, முடியவில்லை என்பதன் அடையாளம். மூன்று முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை மீனைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

மின்வெட்டு இதன் இன்னொரு வாசல். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பம்பை மட்டும் மாட்டுங்கள், சின்ன டேங்குக்கானது 10 வாட்கூட இழுக்காது. விளக்கும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் காத்திருக்கட்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நான் எந்த ஸ்கிம்மரையும்விட இதை முன்னால் வாங்கச் சொல்வேன். கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போடாதீர்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் அதற்குள் இருக்கும் தண்ணீர் அழுகிப்போயிருக்கும். அதைக் கொட்டிவிட்டுத்தான் திரும்ப ஓட்ட வேண்டும்.

வெப்பம் 29-ஐத் தாண்டிவிட்டது

ஏப்ரல், மே மாதங்களில் இதுதான் முதல் எதிரி. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பரந்த கடலுக்கே அந்த நிலை என்றால் ஹால் மூலையில் இருக்கும் 80 லிட்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீர்ப்பரப்பின் மேல் வீசும் சின்ன ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கும். கோவை, மதுரை மாதிரி காற்று காய்ந்த ஊரில் நன்றாக வேலை செய்யும், சென்னை, தூத்துக்குடிப் புழுக்கத்தில் அவ்வளவாகச் செய்யாது, ஏனென்றால் ஈரக் காற்றில் தண்ணீர் எளிதில் ஆவியாவதில்லை. அங்கே ஏ.சி. அறையில் வைப்பது அல்லது சில்லர் வாங்குவது இரண்டில் ஒன்றுதான் நிலையான வழி. ஏ.சி. இரவில் மட்டும் ஓடுகிற வீட்டில் டேங்கை அந்த அறையில் வைத்தால் தினமும் 25-க்கும் 31-க்கும் இடையே ஊசலாடும். இந்த ஊசலாட்டம் ஒரே சீரான 28-ஐவிட மோசமானது.

உடனடித் தேவைக்கு, தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டிலை, வெளிப்புறம் கழுவி, மிதக்கவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம். ஐஸ் கட்டியை நேரடியாகப் போட்டால் உப்பு இறங்கிவிடும். விளக்கு எரியும் நேரத்தை வெயில் தணிந்த மாலைக்கு மாற்றினாலும் உச்ச சூடு கொஞ்சம் குறையும்.

பவளம் மூடிக்கொண்டது, திறக்கவில்லை

எல்லாப் பவளமும் ஒரே நேரத்தில் மூடியிருக்கிறதா, ஒன்று மட்டுமா? இதை முதலில் பாருங்கள். எல்லாமே மூடியிருந்தால் தண்ணீர்தான் காரணம், முதல் பத்து நிமிட அளவுகளுக்குத் திரும்புங்கள். கூடவே காரத்தன்மையையும் அளங்கள். அதன் அலகில் 8 முதல் 9 டி.கே.எச். இருந்தால் நல்லது, அதைவிட முக்கியம் அது வாரத்துக்கு வாரம் தாவாமல் இருப்பது. கொசுவிரட்டிக் களிம்போ சன்ஸ்கிரீனோ பூசிய கையை யாராவது உள்ளே விட்டார்களா என்றும் வீட்டில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் புது கார்பன் ஒரு பை வைத்து, கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

ஒன்று மட்டும் மூடியிருந்தால் அது எந்தப் பவளம் என்பதே பாதி பதில். லெதர் கோரல் அவ்வப்போது ஒரு மெழுகுப் படலம் போர்த்திக்கொண்டு பல நாள் சுருங்கிக் கிடக்கும். பிறகு தோலை உரித்துப் போட்டுவிட்டு முன்னைவிடப் பெரிதாக விரியும். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் உரிவது சுலபம், கையால் உரிக்க வேண்டாம். மஷ்ரூம் சுருங்கி வெளிறினால் பெரும்பாலும் வெளிச்சம் அதிகம், நிழலுக்கு இறக்குங்கள். கடையில் மங்கிய நீல விளக்கில் இருந்ததை வீட்டில் முழு வெளிச்சத்தில் வைத்தால் எதுவும் சுருங்கத்தான் செய்யும், முதல் இரண்டு வாரம் விளக்கைப் பாதியாகக் குறைத்து வையுங்கள். ஜீனியா மட்டும் ஒரு தனி ரகம். எல்லாம் சரியாக இருந்தும் சில நேரம் ஓரிரு நாளில் கரைந்துவிடும். கரையும் துண்டை உடனே எடுத்துவிடுங்கள், தண்ணீரைக் கெடுக்கும்.

ஜோவாந்திட் குடும்பத்தில் ஒரு சில தலைகள் மட்டும் மூடியே இருந்தால், விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகப் பாருங்கள். அதைத் தின்னும் குட்டி நுடிபிராங்க், அதாவது ஓடில்லாத கடல் நத்தை, தான் தின்ற ஜோவாவின் நிறத்திலேயே இருக்கும், பகலில் கண்ணுக்குத் தட்டுப்படாது. கல்லோடு எடுத்து, பூச்சியை உதிர்க்கும் கோரல் டிப் கரைசலில் முக்கி, தண்டுகளுக்கு இடையே சுருளாக ஒட்டியிருக்கும் முட்டைகளையும் சுரண்ட வேண்டும். டிப் முட்டையைக் கொல்லாது, அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள், காரணம் கடைசிப் பகுதியில்.

பழுப்பாக ஏதோ படிகிறது

இங்கேதான் தவறான வைத்தியம் அதிகம் நடக்கிறது. பழுப்பில் இரண்டு உண்டு, இரண்டுக்கும் சிகிச்சை நேரெதிர்.

டேங்க் தொடங்கி ஒன்றிரண்டு மாதத்துக்குள், மணலிலும் கண்ணாடியிலும் தூசி படிந்தமாதிரி பழுப்பு, விரலால் துடைத்தால் மேகமாகப் பறந்துபோகிறது என்றால் அது டயட்டம். சிலிக்கேட்டைத் தின்று வளர்வது. அது தீர்ந்ததும் தானே போய்விடும், நத்தைகளும் விரும்பித் தின்னும். ஊற்றும் தண்ணீரின் டி.டி.எஸ். 0 என்று உறுதிசெய்துகொண்டு பொறுமையாக இருங்கள்.

கொழகொழவென்று நூல் நூலாகத் தொங்கி, நூலின் நுனியில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டிருந்தால் அது டைனோஃபிளாஜெலேட் என்ற ஒற்றைச் செல் உயிரி, சுருக்கமாக டைனோ. காலையில் மணல் சுத்தமாக இருக்கும், மாலைக்குள் பழுப்பாகிவிடும். உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. கொஞ்சத்தை ஊசியில்லா சிரிஞ்சால் உறிஞ்சி, மூடியுள்ள சின்ன டப்பாவில் டேங்க் தண்ணீரோடு நன்றாகக் குலுக்குங்கள். டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் வெளிச்சத்தில் வையுங்கள். முதலில் வெறும் தண்ணீராகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் அதற்குள் பழுப்பு இழைகள் தாமாக ஒன்றுசேர்ந்து கட்டியாகத் தொடங்கினால் டைனோவேதான்.

டைனோ பெரும்பாலும் தண்ணீர் மிகவும் 'சுத்தமாக' இருக்கும்போது வருகிறது. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 என்று பெருமையோடு சொல்லப்படும் டேங்குகளில்தான் இதை அதிகம் பார்க்கலாம். போட்டிக்கு நிற்கும் மற்ற பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒடுங்கிவிட, இது மட்டும் எஞ்சி நிற்கும். அதனால் தண்ணீரை அடிக்கடி மாற்றுவதை நிறுத்துங்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ.வை வெளியே எடுங்கள். தீனியைக் கூட்டியோ, இதற்கென விற்கும் திரவங்களைச் சொட்டியோ நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை ஏற்றி அங்கேயே பிடித்து வையுங்கள். இரவில் மணலைவிட்டு மிதந்து மேலே வரும் வகைக்கு யு.வி. விளக்கு நன்றாக வேலை செய்யும். மணலிலேயே கிடக்கும் வகைக்கு யு.வி. பயன்படாது. சில வகை டைனோ நஞ்சுள்ளது, அதைத் தின்ற நத்தைகள் வரிசையாகச் சாகும். அப்படி நடந்தால் கார்பன் வையுங்கள். முழுக்கப் போகப் பல வாரம் ஆகும், நடுவில் பச்சைப் பாசி தலைகாட்டினால் சந்தோஷப்படுங்கள், டைனோ தோற்கத் தொடங்கிவிட்டது.

சிவப்புப் படலம், பச்சை முடிப்பாசி

கருஞ்சிவப்பில் மணலை மூடி, தகடு தகடாக உரிந்து வந்து, நாற்றம் அடித்தால் சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. நீரோட்டம் செத்த மூலையில்தான் முதலில் பிடிக்கும். மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு வேவ்மேக்கரை அந்த மூலைக்குத் திருப்புங்கள், தீனி அளவையும் பாருங்கள். சயனோவை ஆன்டிபயாட்டிக்கால் கொன்றால் போய்விடும்தான், ஆனால் கொத்தாகச் சாகும்போது ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு சாகும், காரணம் அப்படியே இருந்தால் திரும்பியும் வரும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

பச்சை முடிப்பாசிக்குக் கைதான் முதல் மருந்து. கல்லை வெளியே எடுக்க முடிந்தால் ஒரு வாளி டேங்க் தண்ணீரில் வைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு டர்போ நத்தை இரண்டு விட்டால் மிச்சத்தை மேயும். டெஸ்ட் கிட்டில் பாஸ்பேட் குறைவாகக் காட்டுவதை நம்பி ஏமாற வேண்டாம், தண்ணீரில் வருவதையெல்லாம் பாசியே தின்றுகொண்டிருக்கும்.

தண்ணீர் கலங்கியிருக்கிறது

பால் கலந்தமாதிரி வெண்மை என்றால் எப்போது தொடங்கியது என்று யோசியுங்கள். காரத்தன்மை மருந்தும் கால்சியமும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றிய சில நிமிடத்தில் என்றால் அது சுண்ணாம்பாகப் படியும் கால்சியம் கார்பனேட். சில மணி நேரத்தில் அடங்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் ஊற்றுங்கள். சாஃப்ட் கோரல் மட்டும் உள்ள சின்ன டேங்குக்கு இந்த மருந்துகளே பெரும்பாலும் தேவையில்லை, வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும். ஒரு இரவில் கலங்கியிருந்தால் பாக்டீரியாப் பெருக்கம். ஆக்ஸிஜன் போய்விடும் என்பதுதான் இதில் கவலை, காற்றோட்டத்தைக் கூட்டி, தீனியை நிறுத்தி, இரண்டு நாள் பொறுங்கள்.

மீன் மேல் வெள்ளைப் புள்ளி

ரவை ஒட்டியதுபோல் எண்ணிவிடக்கூடிய புள்ளிகள் என்றால் கிரிப்டோகாரியான், கடல் இச். மாவு தூவியது மாதிரி மிகப் பொடியாக, மூச்சும் வாங்கினால் வெல்வெட், இதில் இரண்டு மூன்று நாளில் மீன் போய்விடும். இச் புள்ளிகள் சில நாளில் தானே உதிரும். குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உதிர்ந்த ஒட்டுண்ணி மணலிலும் கல்லிலும் கூடு கட்டிப் பெருகி, நூற்றுக்கணக்கில் திரும்ப வரும்.

செம்பு மருந்துதான் நிச்சயமானது, ஆனால் பவள டேங்கில் ஒரு துளிகூடப் போடக் கூடாது. மீன்களைப் பிடித்து, கல்லும் மணலும் இல்லாத தனித் தொட்டியில், செம்பு டெஸ்ட் கிட்டால் அளந்து அளந்து கொடுக்க வேண்டும். இதற்கிடையே பவள டேங்க் மீனே இல்லாமல் காலியாக இருக்க வேண்டும். ஆறு வாரம் குறைந்தபட்சம், கவனமானவர்கள் 76 நாள் விடுகிறார்கள். புதிதாக வாங்கும் மீனை முதலிலேயே தனியாக ஒரு மாதம் வைத்திருந்தால் இந்தப் பாடு வேண்டியதில்லை.

இறால், நத்தை மட்டும் சாகிறது

முதலில் செத்தது இறால்தானா என்று பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லாத கண்ணாடிக்கூடு என்றால் அது உரித்த தோல், இறால் எங்காவது ஒளிந்திருக்கும்.

உண்மையிலேயே செத்திருந்தால் செம்பு, உப்பு ஏற்ற இறக்கம் இரண்டோடு மூன்றாவதாக ஒன்றை நம் வீடுகளில் கட்டாயம் பார்க்க வேண்டும்: கொசுவிரட்டி. பிளக்கில் மாட்டும் திரவம், சுருள், ஸ்பிரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்துகள். கொசுவுக்கும் இறாலுக்கும் அது ஒரே விஷம், மீனுக்கும் ஆகாது. ஏர் பம்பும் ஸ்கிம்மரும் அறைக் காற்றை இடைவிடாமல் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகின்றன. டேங்க் இருக்கும் அறையில் இவற்றை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வலை அடியுங்கள். கரப்பானுக்கு மருந்து அடிக்க ஆள் வருகிற அன்று டேங்கைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஏர் பம்பை வேறு அறையிலிருந்து நீளக் குழாயால் ஓட்டுங்கள்.

பி.எச். 7.8-க்குக் கீழே

ஏ.சி.க்காக மூடிய படுக்கையறையில் மூன்று பேர் தூங்கினால் காற்றில் கரியமில வாயு ஏறும், அது தண்ணீரிலும் கரையும். ஒரு டம்ளர் டேங்க் தண்ணீரின் பி.எச். பார்த்துவிட்டு, பால்கனியில் ஒரு மணி நேரம் ஏர் பம்ப் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறியிருந்தால் குறை அறைக் காற்றில்தான். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டால் போதும். பி.எச். ஏற்றும் பொடி போட்டால் காரத்தன்மைதான் எகிறும்.

கை வைத்தால் சுருக்கென்கிறது

கையை எடுங்கள், மெயினை அணையுங்கள், பிறகு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றுங்கள். விரிசல் விட்ட ஹீட்டர், வயர் உரிந்த பம்ப், உப்பு பூத்த ஸ்விட்ச் போர்டு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். டேங்குக்குப் போகும் லைனில் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிடுங்கள். உப்புத் தண்ணீரோடு புழங்கும் வீட்டில் இது இல்லாமல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வயரும் போர்டுக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்கு வரட்டும், வழியும் தண்ணீர் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

பம்ப் கடகடவென்று இரைந்தால் ரோட்டரில் சுண்ணாம்பு படிந்திருக்கும், வினிகரும் தண்ணீரும் சரிபாதியில் ஊறவைத்துக் கழுவுங்கள். புது ஸ்கிம்மர் நுரை தள்ளி வழிந்தால் ஒரு வாரம் விட்டுப் பிடியுங்கள், தானே அடங்கும்.

கல்லில் பழுப்பாக ஒரு குட்டி அனிமோன்

ஏப்டேசியா. பிய்த்தால் ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் ஒன்று முளைக்கும். சுண்ணாம்புப் பசையைச் சிரிஞ்சால் அதன் வாயில் வைத்து மூடுங்கள், அந்த நேரம் பம்பை அணைத்து வையுங்கள். பெப்பர்மின்ட் இறால் ஒன்று விட்டால் குட்டிகளைத் தின்றுவிடும்.

இதற்காகவோ பாசிக்காகவோ ஜோவாந்திட் ஒட்டிய கல்லை வெந்நீரில் போடுவது, கொதிக்கவைப்பது, வெளியே வைத்து உலர்வாகத் தேய்ப்பது எதுவும் கூடவே கூடாது. பாலித்தோவா, ஜோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஆவியிலும் தெறிக்கும் துளியிலும் அது பரவும், வீட்டில் வேறு அறையில் இருந்தவர்கள்கூட மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன. வெட்டுவதானாலும் நகர்த்துவதானாலும் தண்ணீருக்குள்ளேயே, கையுறையும் கண்ணாடியும் போட்டு, குழந்தைகளை அறைக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். வேலை முடிந்தபின் வாயில் கசப்பு, இருமல், காய்ச்சல், மார்பில் இறுக்கம், கண் எரிச்சல் இதில் எது வந்தாலும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பாலிடாக்ஸின் என்ற பெயரை நீங்களே சொல்லுங்கள், நம் ஊர் அவசரப் பிரிவில் யாருக்கும் அது சட்டென்று தோன்றாது.